உறவும் ஆயுளும்

(கார்ல்ஸ்ரூஹேயில் எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தம்பி, வருசப்பிறப்புக்கு ஏதாவது பிரயோசனமாய்ப் பேசும்" என்று சங்கத்துப் பெரியவர்கள் கேட்டார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரில் உயர்தரம் வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க நாட்டு நிலைமை விடவில்லை. இப்போது இங்கே ஒரு தொழிற்சாலையில் காலை, பின்னேரம், இரவு என்று வாரத்துக்கு வாரம் மாறுகிற வேலை செய்கிறேன். வயது முப்பத்தாறு. டொக்ரர்மாரைப் போல் என்னாற் பேச முடியாது. வாசித்து அறிந்ததையும், எங்கடை சனத்துக்குள்ளே கண்டதையும் சொல்லுகிறேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஊரில் மருத்துநீர் வைப்போம். கோயிலில் ஐயர் காய்ச்சித் தருவார். அதை வீட்டில் மூத்தவர், அம்மம்மாவோ அப்பப்பாவோ, எங்கள் தலையில் வைத்துவிடுவார். பிறகு முழுகிப் புது உடுப்புப் போட்டுக்கொண்டு பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குவோம். கைவிசேஷத்தை ஒருவர் தனக்குத் தானே கொடுக்க ஏலாது. மருந்தும் பணமும் சொந்தக்காரர் ஒருவரின் கையால் வரவேண்டும் என்று முன்னோர் வைத்த வழக்கம் அது. நான் பேச வந்த விஷயமும் அதுதான். நெருங்கிய உறவு உள்ளவர்களுக்கு நோய் நொடி குறைவு, ஆயுள் கூட. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஆட்களை எண்ணி, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து கண்ட முடிவு இது.

முதலில், எங்களைப் போல ஊரை விட்டுப் போன ஒரு கூட்டத்தின் கதையைக் கேளுங்கள்.

இத்தாலியின் தெற்கே ரொசெற்றோ வல்ஃபொர்த்தோரே என்று ஒரு மலைக் கிராமம். வறுமை காரணமாக 1880களில் அங்கிருந்து சனங்கள் அமெரிக்காவில் பென்சில்வேனியாவுக்குப் போனார்கள். ஒருவர் போய் மற்றவரைக் கூப்பிட்டு, ஒரு ஊரே அங்கு போய்ச் சேர்ந்தது. ஆண்கள் கற்சுரங்கத்தில் வேலை செய்தார்கள். பெண்கள் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தங்கள் புதிய ஊருக்கும் ரொசெற்றோ என்றே பெயர் வைத்தார்கள்.

1960களில் ஸ்ரூவேட் வூல்ஃப் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் இந்த ஊரை ஆராய்ந்தார்கள். 55 வயதுக்கு உட்பட்ட ஆண்களில் மாரடைப்பால் இறந்தவர்கள் கிட்டத்தட்ட இல்லையென்றே சொல்லலாம். பக்கத்து ஊரான பாங்கரில் அப்படியில்லை. அந்த ஊராரும் இதே தண்ணியைக் குடித்தார்கள், இதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். சாப்பாட்டில் ஏதும் விசேஷமோ என்று பார்த்தால், ரொசெற்றோக்காரர் பன்றிக் கொழுப்பிலே பொரித்துச் சாப்பிட்டார்கள், சுருட்டுக் குடித்தார்கள், வைனும் குடித்தார்கள். கடைசியில் வைத்தியர்கள் கண்டுகொண்ட வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஒரு வீட்டில் மூன்று தலைமுறை இருந்தது. கிழவனும் கிழவியும் வீட்டின் நடுவில் மதிப்போடு இருந்தார்கள். பின்னேரத்தில் அயலவர் வாசலில் நின்று கதைத்தார்கள். பணக்காரன் பணத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. கஷ்டப்பட்டவனை ஊர் கைவிடவில்லை.

அந்த வைத்தியர்கள் அப்போதே ஒன்று சொன்னார்கள். இந்தக் கட்டுக்கோப்புக் குலைந்தால் இந்தச் சுகமும் போய்விடும் என்றார்கள். அப்படியே நடந்தது. பிள்ளைகள் படித்தார்கள், உழைத்தார்கள், ஊருக்கு வெளியே பெரிய வீடு கட்டி வேலியும் அடைத்தார்கள். ஒன்றாயிருந்து சாப்பிடுவது குறைந்தது. 1935 முதல் 1985 வரையான ஐம்பது வருட மரணப் பதிவுகளைப் பார்த்து 1992இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ரொசெற்றோவின் மாரடைப்பு மரணம் காலப்போக்கில் கூடி, பக்கத்து ஊரின் அளவுக்கே வந்துவிட்டது.

ஒரு சின்ன ஊரை வைத்து எல்லாவற்றையும் சொல்லலாமோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கலிபோர்னியாவில் அலமீடா என்ற இடத்தில் 1965இல் தொடங்கி 6,928 பேரை ஒன்பது வருடம் பின்தொடர்ந்தார்கள். பேர்க்மன், சைம் என்ற இருவர் 1979இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். துணை, சொந்தக்காரர், சிநேகிதர், கோயில், சங்கம் என்று தொடர்பு மிகக் குறைந்தவர்கள், தொடர்பு மிகுந்தவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். ஆண்களில் 2.3 மடங்கு, பெண்களில் 2.8 மடங்கு. புகைத்தல், குடி, உடற்பருமன், முன்பிருந்த வருத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. 2010இல் இப்படியான 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நல்ல உறவுத் தொடர்பு உள்ளவர்கள் அந்தக் காலத்துக்குள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 வீதம் கூட என்று கண்டார்கள். 2025இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், அதனோடு தொடர்புபட்டு வருடத்துக்கு 8,71,000 பேர் இறக்கிறார்கள் என்றும் சொல்லுகிறது.

உறவு எப்படி உடம்புக்குள் போய் வேலை செய்கிறது? இரண்டு வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, பக்கத்தில் இருக்கிறவர் கவனிப்பார். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை இரவிலே நாலைந்து தரம் எழும்பித் தண்ணி குடிப்பார், பிறகு மூத்திரம் பெய்யப் போவார். அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மனைவிதான் கவனித்தா. "என்னப்பா இது, ஒருக்கால் டொக்ரரிட்டைப் போவம்" என்று இழுத்துக்கொண்டு போனா. சீனி வருத்தம். நேரத்தோடு பிடித்ததால் இன்று குளிசையோடு நன்றாயிருக்கிறார். தனி அறையில் இருக்கிற ஒருவருக்கு இதே குணம் வந்தால் யார் காண்பது? நைற் வேலை முடிந்து வந்து, பாணைக் கடித்துவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிப் படுக்கிறவருடைய முகம் வெளிறியிருப்பதை ஒருவரும் காண்பதில்லை. எங்கடை சனத்துக்குச் சீனி வருத்தமும் இருதய வருத்தமும் கூட என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே கவனிக்கிற கண் எங்களுக்கு இன்னும் கூடத் தேவை.

இரண்டாவது, மனதில் ஓயாத பயமும் பாரமும் இருந்தால் உடம்பு எப்போதும் ஓடத் தயாரான நிலையில் நிற்கும். பிறஷர் ஏறும், நித்திரை கெடும், புண் ஆறப் பிந்தும். "நான் இருக்கிறன், பாப்பம்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் அந்த இறுக்கம் இளகும்.

ஆனால் ஒரே கூரைக்குள் இருந்தாற் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 42 தம்பதிகளை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2005இல் வெளியிட்டார்கள். அவர்களின் கையில் சின்னக் கொப்புளக் காயங்களை உண்டாக்கி, அது எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் குத்திக் குதறிப் பேசுகிற தம்பதிகளின் காயம், மற்றவர்களின் காயம் ஆறிய வேகத்தில் 60 வீத வேகத்திலேதான் ஆறியது. வீட்டுச் சண்டை தோலிலே தெரிகிறது, பாருங்கள். ஆகவே, "குடும்பம் என்றால் பொறுத்துக்கொண்டு இரு" என்று அடி வாங்கும் பெண்ணுக்குச் சொல்லுகிறவர்கள் அவவின் ஆயுளைக் குறைக்கிறார்கள். நெருக்கம் என்பது பயமில்லாமல் வாய் திறந்து கதைக்கக்கூடிய நெருக்கம்.

இனி எங்களுடைய கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வளவைப் பிரித்துப் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாய்க் கொடுப்பார்கள். அதனால் பெரியம்மா வீடு ஒரு பக்கம், சித்தி வீடு மறு பக்கம். நடுவிலே வேலி, வேலியிலே ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளாலே கறி போகும், பிள்ளை போகும், சண்டையும் போகும், சமாதானமும் வரும். ஒரு நாள் அம்மம்மா முற்றம் கூட்டவில்லை என்றால் மூன்று வீட்டுக்கு அது தெரியும். அதற்குப் பெயர் வைத்து நாங்கள் வாழவில்லை. அது சும்மா இருந்தது.

1983 ஆடிக் கலவரம், 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2009 மே வரை நடந்த வன்னி யுத்தம் எல்லாம் அந்தப் பொட்டை அடைத்துவிட்டன. யாழ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் இதைப் பல வருடங்களாக எழுதி வந்திருக்கிறார். யுத்தம் தனி ஆளின் மனதை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்துகிறது, ஆகவே சுகப்படுத்துவதும் குடும்பத்தோடும் ஊரோடும்தான் என்பது அவருடைய முடிவு.

வந்த இடத்திலும் பிரிவுதான். 1980களில் கிழக்கு பேர்லின் வழியாக வந்த எங்கள் மூத்தவர்கள், ஜேர்மனியில் மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1982இல் வந்த சட்டப்படி, அகதி வழக்கு முடியும் வரை கொடுத்த இடத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போக ஏலாது. அண்ணன் ஒரு மாநிலத்தில், தம்பி இன்னொரு மாநிலத்தில். இங்கே டுர்லாகர் அலேயில் உள்ள வரவேற்பு முகாம் வழியாக வந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அவுஸ்திரேலியாவில் 196 தமிழர்களிடம் விசாரித்து 1998இலும் 1999இலும் ஆய்வுகள் வெளிவந்தன. யுத்தத்தில் பட்டது மட்டுமில்லாமல், வந்த நாட்டில் படுகிற அந்தரமும் மன வருத்தத்தைக் கூட்டுகிறது என்று அவை காட்டின. வழக்கு முடியாமல் காத்திருந்தவர்களுக்கு அந்த அந்தரம் இன்னும் கூட. ஊரிலுள்ள குடும்பத்தைப் பற்றிய பயம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் நகரத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1951 முதல் இந்தக் கார்ல்ஸ்ரூஹேயில்தான் இருக்கிறது. அரண்மனைத் தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு போகும்போது பக்கத்தில் அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தைக் கண்டிருப்பீர்கள். இந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் 6ஆவது உறுப்புரை, திருமணமும் குடும்பமும் அரசின் விசேட பாதுகாப்புக்கு உரியவை என்கிறது. வெளிநாட்டவர் தன் துணையை இங்கு கூப்பிடுவதற்குத் திருமணமாகி மூன்று வருடம் பொறுக்க வேண்டும் என்று எங்கள் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் முன்பு ஒரு விதி இருந்தது. 1987 மே 12இல் இந்த நீதிமன்றம், அந்த மூன்று வருடம் அளவுக்கு மிஞ்சியது, செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் உரிமை தானாகக் கிடைக்காது என்றும் அதே தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் குடும்பம் என்ற ஒன்றை அரசாங்கம் நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும் என்று ஆயிற்று.

இன்றும் அந்தக் கதவு முழுதாய்த் திறந்ததில்லை. முழு அகதி அந்தஸ்து இல்லாமல் துணைப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்களுக்கு, குடும்பத்தை அழைப்பது 2016 மார்ச் முதல் 2018 ஜூலை வரை நிறுத்தப்பட்டது. பிறகு மாதம் 1,000 பேர் என்று அளந்து விட்டார்கள். 2025 ஜூலையில் மீண்டும் இரண்டு வருடத்துக்கு நிறுத்தினார்கள். முழு அகதியாக ஏற்கப்பட்டவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள். முடிவு கிடைத்து மூன்று மாதத்துக்குள் மனைவி பிள்ளைகளுக்காக விண்ணப்பித்தால், சம்பளம் காட்டு, வீடு காட்டு என்ற நிபந்தனை இல்லாமற் போகும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிடாதீர்கள். ஆலோசனை நிலையங்களில் இலவசமாகக் கேட்கலாம்.

இந்தச் சட்டத்திலே குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளை. வளர்ந்த பிள்ளை தன் தாய் தகப்பனைக் கூப்பிடுவது பெரும்பாலும் மிக அபூர்வமான கஷ்ட நிலையில்தான் முடியும். அம்மம்மாவும் சித்தியும் மாமாவும் அந்தக் கணக்கிலே இல்லை. ஆகவே அவர்கள் இருந்த இடத்தை நாங்கள்தான் இங்கே ஒருவருக்கொருவர் நிரப்ப வேண்டும். அலமீடாவில் எண்ணியபோது இரத்த உறவை மட்டும் எண்ணவில்லை, சிநேகிதரையும் சங்கத்தையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். "டொச்சுக்காரர் தாய் தகப்பனை இல்லத்தில் தள்ளிவிடுவினம், நாங்கள் அப்பிடியில்லை" என்று கன பேர் சொல்லுவினம். கணக்கைப் பாருங்கள். 2023 முடிவில் ஜேர்மனியில் பராமரிப்புத் தேவைப்பட்டவர்கள் 57 லட்சம் பேர். அதில் 86 வீதம் பேர் வீட்டிலேயே பராமரிக்கப்பட்டார்கள். 31 லட்சம் பேரைப் பெரும்பாலும் சொந்தக்காரர்தான் பார்த்தார்கள். எங்கள் வீடுகளில் அம்மா இல்லத்தில் இல்லை, சரி. ஆனால் நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, மூன்றாம் மாடியில் பாஷை தெரியாமல், பின்னேரம் வரை ரிவியோடு இருக்கிறவ யார்? வீட்டுக்குள்ளே இருந்துகொண்டே தனித்துப் போன தாய்மார் எங்களுக்குள்ளே இருக்கிறார்கள்.

இனி நாங்கள் செய்யக்கூடியதைச் சொல்லுகிறேன். பெரிய செலவில்லாதவை.

ஒன்று, நாளுக்கு ஒரு நேரமாவது வீட்டில் எல்லோரும் ஒன்றாயிருந்து சாப்பிடுங்கள். சிப்ற் வேலையில் அது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். இரவுச் சாப்பாடு முடியாவிட்டால் மத்தியானமோ ஞாயிறு காலையோ ஆகட்டும். புட்டுத்தான் வேண்டும் என்றில்லை, பாணும் பருப்பும் போதும். கைத்தொலைபேசி மட்டும் மேசைக்கு வரக்கூடாது.

இரண்டு, ஊருக்குக் கதைக்கும்போது காசைப் பற்றிக் கதைக்காமல் ஒரு நாள் கதையுங்கள். மாதக் கடைசியில் ரெலிபோன் அடித்தாலே நெஞ்சு இடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். தங்கச்சியின் கலியாணம், தம்பியின் ஏஜென்சிக் காசு, கூரைத் தகடு. அனுப்ப வேண்டியது கடமை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் "மாமரம் காய்ச்சதோ, முழங்கால் நோ எப்பிடி, ஆர் வந்து பாக்கினம்" என்று கேட்கும் பத்து நிமிடம் இரண்டு பக்கத்துக்கும் மருந்து. ஊரிலிருப்பவர்களும், "மோனை, நீ சாப்பிட்டியே" என்று முதலில் கேட்க வேண்டும்.

மூன்று, தனியாயிருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஒரு வயோதிபரையோ, குடும்பம் ஊரிலிருக்கும் ஒரு இளைஞரையோ இந்தச் சங்கத்தின் ஒவ்வொரு குடும்பமும் பொறுப்பெடுக்கட்டும். கிழமைக்கு ஒரு தரம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது, இரண்டு நாள் காணவில்லை என்றால் கதவைத் தட்டுவது. எங்களுடைய வேலிப்பொட்டு இதுதான். ஸ்ராசன்பானில் ஏறினால் இந்த நகரத்தில் எந்த வீடும் தூரமில்லை.

நான்கு, டொக்ரரிடம் தனியே விடாதீர்கள், ஆனால் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். தாயின் கர்ப்பப்பை வருத்தத்தைப் பிள்ளையின் வாயாற் சொல்லுவிப்பது இருவருக்கும் பாரம். டொச் தெரிந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறோம், கூப்பிடுங்கள். வயோதிபரை வீட்டில் பராமரிக்கிறவர்கள் மருத்துவக் காப்புறுதியோடு உள்ள பராமரிப்புக் காப்புறுதியில் விண்ணப்பியுங்கள். கடந்த பத்து வருடத்தில் இரண்டு வருடமாவது அதில் அங்கத்தவராயிருந்திருக்க வேண்டும். இரண்டாம் தரப் பராமரிப்பு என்று மதிப்பிட்டால், 2025 முதல் மாதம் 347 யூரோ பராமரிப்புப் பணம். அது பிச்சையில்லை, சம்பளத்தில் நாங்கள் கட்டிய காசு. தாயைப் பார்க்கிற மகளுக்கும் மருமகளுக்கும் ஓய்வு வேண்டும். பார்க்கிறவ விழுந்தால் இரண்டு பேரும் விழுந்தார்கள்.

அன்பானவர்களே, ரொசெற்றோவுக்கு வந்த முதல் தலைமுறையிடம் பணம் இருக்கவில்லை, ஆளுக்கு ஆள் இருந்தார்கள். மூன்றாம் தலைமுறையிடம் வீடும் காரும் இருந்தன, வாசலில் நின்று கதைக்க ஆள் இல்லை. எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டில் படித்து நல்ல நிலைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். அவர்கள் வாங்கப் போகும் வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு கதிரையும், அயலவனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணியும் இருக்குமோ இல்லையோ என்பது, இன்று எங்கள் வீட்டில் அவர்கள் எதைக் காண்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய்க் கோட்டை எடுக்காதீர்கள். உங்களுக்குப் பெயர் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள். அவருடைய ஊரைக் கேளுங்கள், ரெலிபோன் இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நோய் நொடியின்றி நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.